வாதாடியவர் நடுவில் அமரும்போது: வழக்கறிஞர் சமரசராக மாறும் பாதை

சமரசப் பயிற்சி வகுப்புகளில் முதல் நாளன்றோ இரண்டாம் நாளன்றோ ஒரு நடிப்புப் பயிற்சி வைப்பார்கள். இருவர் சச்சரவில் சிக்கிய தரப்பினராக நடிக்க, மூன்றாமவர் அவர்களுக்கு நடுவே சமரசராக அமர்வார். அந்த மூன்றாமவர் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் வாதாடிப் பழகிய வழக்கறிஞராக இருந்தால், பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்று நடந்துவிடும். ஒரு தரப்பினர் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் இடைமறித்து, "அந்தக் கடிதத்தை நீங்கள் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்?" என்று கேட்பார். கேள்வி சாதாரணமானதுதான்; கேட்கும் தொனி மட்டும் குறுக்கு விசாரணைக்குரியது. அதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சொற்களை எண்ணி எண்ணிப் பேசத் தொடங்குவார். அதுவரை மனம்விட்டுப் பேசியவர் சாட்சிக் கூண்டில் ஏறியவராகிவிடுவார்.

வழக்கறிஞர் தொழிலிலிருந்து சமரசர் தொழிலுக்கு வருபவர்கள் எதிர்கொள்ளும் சிக்கலின் பெரும்பகுதி இந்தச் சிறு காட்சிக்குள் அடங்கியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த மாற்றம் ஒரே வீட்டில் அறை மாறுவது போலத் தோன்றும். சட்டமும் ஆவணங்களும் கோபத்தோடு வரும் மனிதர்களும் அப்படியே இருக்கிறார்கள் அல்லவா? உண்மையில் மாறுவது, ஒரு சச்சரவைக் கேட்டவுடன் மனத்தில் எழும் முதல் கேள்வி. "யார் பக்கம் நியாயம்?" என்று கேட்டுப் பழகிய மூளை, அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, "இவர்களுக்கு இனி என்ன வேண்டும்?" என்று கேட்கப் பழக வேண்டும். இந்தப் பழக்கம் சான்றிதழோடு சேர்ந்து வருவதில்லை.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழில் இந்தத் தொழிலுக்கு ஒரே பெயர் நிலைத்துவிடவில்லை. இலங்கையில் மத்தியஸ்த சபை என்று சொல்லப்படுவதும், தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் சமரச மையம் என்று பலகை மாட்டப்பட்டிருப்பதும் அடிப்படையில் ஒரே வகை வேலையைச் செய்பவை. இதற்கிடையில் மத்தியஸ்தர் என்னும் சொல்லைச் சிலர் தீர்ப்புச் சொல்லும் தனியார் நடுவருக்கும் பயன்படுத்துகிறார்கள். எனவே இந்தக் கட்டுரையில் சமரசர் என்ற சொல்லையே கையாள்கிறேன்.

நீதிபதி தீர்ப்பு வழங்குகிறார். தரப்பினர் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் நடுவரும் தீர்ப்புதான் வழங்குகிறார். நீதிமன்றத்துக்கு வெளியே வழங்குகிறார் என்பதே வேறுபாடு. சமரசருக்கு அப்படி எந்த அதிகாரமும் கிடையாது. இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டால்தான் தீர்வு. ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம், அதற்குத் தண்டனை இல்லை. சொம்பும் ஆலமரமுமாக நாம் திரையில் பார்த்த நாட்டாமைக்கும் இவருக்கும் தொடர்பே இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் முதன்முறையாக வரும் தரப்பினர் பலர், "நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்கள், கட்டுப்படுகிறோம்" என்று சொல்வார்கள். தீர்ப்புச் சொல்ல ஆசையுள்ள வழக்கறிஞருக்கு அந்த அழைப்பைவிடப் பெரிய சோதனை இல்லை.

சமரச நாள் ஒன்று எப்படிப் போகும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்கூட்டியே இரு தரப்பு வழக்கறிஞர்களிடமும் பேசி, சுருக்கமான குறிப்புகளை வாங்கிப் படித்துவிட்டு, சமரசர் எல்லோரையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேச வைப்பார். இது கூட்டு அமர்வு. அதன்பின் ஒவ்வொரு தரப்பையும் தனித்தனி அறையில் சந்திப்பார். இந்தத் தனி அமர்வில் சொல்லப்படுவது, சொன்னவர் அனுமதிக்காமல் மறு அறைக்குப் போகாது. பேச்சு முற்றி ஒரு தீர்வு உருவானால், அதை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று கலைந்த உடன்பாடு மறுநாள் அதே வடிவில் இருப்பது அரிது.

ஒரு பழைய வழக்கு

இந்தத் தொழில் மாற்றத்தின் உட்பொருளை விளக்க, நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கறிஞரின் முதல் பெரிய வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். 1893இல் மோகன்தாஸ் காந்தி தென்னாப்பிரிக்காவுக்குப் போனது போராட்டம் நடத்துவதற்காக அல்ல. தாதா அப்துல்லா என்னும் வணிகர், தன் உறவினரான தையப் சேட் மீது தொடுத்திருந்த பணவழக்கில் உதவுவதற்காக. வழக்கின் விவரங்களைப் படித்தபோது தன் கட்சிக்காரர் பக்கம் வலுவாக இருப்பது அவருக்குத் தெரிந்தது. வழக்கு நீண்டால் இருவருமே அழிந்துபோவார்கள் என்பதும் தெரிந்தது. எனவே இரு தரப்பையும் பேசி இணங்க வைத்து, பொதுவான ஒரு நடுவரிடம் வழக்கை ஒப்படைக்கச் செய்தார். தாதா அப்துல்லா வென்றார்.

வழக்கறிஞரின் வேலை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. காந்தியோ அதோடு நிறுத்தவில்லை. செலவுத் தொகை போக ஏறத்தாழ 37,000 பவுண்டு உடனடியாகக் கட்ட வேண்டிய நிலையில் தையப் சேட் இருந்தார், கட்டினால் திவால். அந்த வணிகச் சமூகத்தில் திவாலாவதைவிடச் சாவே மேல் என்ற எண்ணம் இருந்தது. ஆகவே பணத்தை நீண்ட காலத் தவணைகளில் வாங்கிக்கொள்ளும்படி தன் கட்சிக்காரரையே வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தார். நடுவரிடம் போக இரு தரப்பையும் ஒப்புக்கொள்ள வைத்ததைவிட, இந்தத் தவணைச் சலுகையைப் பெற்றதே கடினமாக இருந்தது என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். பிளவுபட்டவர்களை ஒன்றுசேர்ப்பதே வழக்கறிஞரின் உண்மையான வேலை என்று அன்று உணர்ந்ததாகவும், தன் இருபதாண்டுத் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி தனிப்பட்ட முறையில் சமரசங்களை உருவாக்குவதிலேயே கழிந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

கறாராகச் சொன்னால் காந்தி அந்த வழக்கில் சமரசர் அல்லர். அவர் ஒரு தரப்பின் ஆள். ஆனாலும் யார் பக்கம் நியாயம் என்பது முடிவானபின்பும் அந்தச் சச்சரவில் பாதி அப்படியே மிச்சமிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பு தொடாத அந்த மீதிப் பாதியில்தான் சமரசரின் வேலை தொடங்குகிறது.

கையோடு வருவதும் கழற்றி வைப்பதும்

வழக்கறிஞராக இருந்தவருக்குச் சில அனுகூலங்கள் நிச்சயமாக உண்டு. ஒரு வழக்கு எத்தனை வாய்தா இழுக்கும், மேல்முறையீடு எவ்வளவு செலவு வைக்கும், எந்தச் சாட்சி விசாரணையில் தடுமாறுவார் என்பதெல்லாம் அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஓட்டையில்லாத ஒப்பந்தம் எழுதத் தெரியும். தரப்பினரோடு வரும் வழக்கறிஞர்கள் உரத்த குரலில் மிரட்டும்போது அது உண்மையான உறுதியா, கட்சிக்காரர் முன் நடத்தப்படும் காட்சியா என்று பிரித்தறியவும் தெரியும். இது கடைசியாகச் சொல்லப்பட்டாலும் மிகப் பெரிய சொத்து.

கழற்றி வைக்க வேண்டியவற்றில் முதலாவது, விடையைத் தனக்குள் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி. நீதிமன்றத்தில், பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். சமரச அறையில் பதில் தெரிந்த கேள்வியால் எந்தப் பயனும் இல்லை. இரண்டாவது, மௌனத்தைக் கண்டு அஞ்சும் பழக்கம். வாதத்தில் மௌனம் என்றால் தோல்வி. இங்கே ஒருவர் அரை நிமிடம் பேசாமல் இருந்தால், அடுத்து அவர் சொல்லப்போவதைத்தான் அன்று முழுவதும் தேடிக்கொண்டிருந்திருப்போம். மூன்றாவது, வழக்குக்குத் தொடர்பில்லாதது என்று சிலவற்றைத் தள்ளிவிடும் அனிச்சைச் செயல்.

இந்த மூன்றாவதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் மூலம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்திடம் பொதி கட்டும் இயந்திரம் ஒன்றை வாங்குகிறது. ஆறு மாதத்தில் இயந்திரம் பலமுறை நின்றுபோகிறது. வாங்கியவர் கடைசித் தவணையைக் கொடுக்க மறுக்கிறார். விற்றவர் வழக்குப் போடுகிறார். ஒப்பந்தத்தின்படி முப்பது நாளில் பணம் தந்திருக்க வேண்டும் என்பது ஒரு நிலைப்பாடு. ஒப்புக்கொண்ட வேகத்தில் இயந்திரம் ஓடவில்லை என்பது எதிர் நிலைப்பாடு. சட்டப் புத்தகத்தைத் திறந்தால் இந்த இரண்டையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசலாம்.

தனி அமர்வில், வாங்கிய நிறுவனத்தின் ஆலை மேலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "இயந்திரம் நின்றதுகூடப் பெரிதில்லை. பதினோரு நாள் ஒருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. என் முதலாளி தினமும் காலையில் என்னைத்தான் கேட்டார்." வழக்கறிஞரின் காது இதைத் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் தொலைபேசி எடுக்காதது எந்த விதியையும் மீறியதாக இல்லை. சமரசரின் காது அங்கே நின்றுவிட வேண்டும். மறு அறையில் விற்றவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: அந்த வகை இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒரே தொழில்நுட்பர் வேலையை விட்டுப் போய்விட்டார், அதை வெளியே சொன்னால் மற்ற வாடிக்கையாளர்களும் ஓடிவிடுவார்கள் என்ற பயத்தில் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

இப்போது சமரசரிடம் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. இரண்டையும் அவர் தாமாக வெளியிட முடியாது. எனவே ஒவ்வொரு தனி அமர்வின் முடிவிலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறார்: "இங்கே சொன்னவற்றில் எதை நான் அந்தப் பக்கம் கொண்டுபோகலாம், எதைக் கூடாது?" விற்றவர் சிறிது யோசித்து, ஆள் போய்விட்டதைத் தானே நேரில் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொள்கிறார். மாலையில் எழுதப்பட்ட உடன்பாட்டில் பணத்தைப் பற்றி மூன்று வரி இருக்கிறது. மீதியெல்லாம், அவசர உதிரிபாகங்கள் கொண்ட ஒரு பெட்டி ஆலையிலேயே வைக்கப்படும், பழுது என்றால் அழைக்க வேண்டியவரின் பெயர் இது, அவர் நான்கு மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது போன்ற ஏற்பாடுகள். எந்த நீதிமன்றமும் தன் தீர்ப்பில் தொலைபேசியை எடுக்க வேண்டியவரின் பெயரைக் குறிப்பிடாது.

சட்ட அறிவு அப்படியானால் எங்கே பயன்படுகிறது? கணக்குப் போடும் இடத்தில். வழக்குத் தொகை 100 என்று வைத்துக்கொள்வோம். இறுதிவரை வழக்கை நடத்த ஒவ்வொரு தரப்புக்கும் 15 செலவாகும், அது திரும்பக் கிடைக்காது. வாதி தனக்கு வெல்லும் வாய்ப்பு 80 விழுக்காடு என்று நம்புகிறார். அவர் கணக்கில் வழக்கின் மதிப்பு 80இலிருந்து செலவு 15 போக 65. பிரதிவாதியும் தனக்கே 80 விழுக்காடு வெற்றி என்று நம்புகிறார். எனவே அவர் கணக்கில் இழப்பு 20உடன் செலவு 15 சேர்ந்து 35. ஒருவர் 65க்குக் குறையாமல் கேட்கிறார், மற்றவர் 35க்கு மேல் தரமாட்டார். இருவரும் நேர்மையாகப் பேசினாலும் பேச்சு நகராது. வாதியின் வாய்ப்பு 60 விழுக்காடு என்று இருவரும் ஏற்றுக்கொண்டால், வாதிக்கு 45க்கு மேல் எது கிடைத்தாலும் இலாபம், பிரதிவாதிக்கு 75க்குள் எது போனாலும் இலாபம். நடுவில் அகலமான ஒரு வெளி திறக்கிறது. ஆக, மோதிக்கொள்வது பெரும்பாலும் பேராசைகள் அல்ல, நம்பிக்கைகள்.

அந்த நம்பிக்கைகளை அசைக்கச் சட்டம் தெரிந்தவரால்தான் முடியும். ஆனால் அவர் அதைத் தீர்ப்பாகச் சொன்னால் நடுநிலை போய்விடும். "உங்கள் வழக்கு பலவீனமானது" என்று சொல்வதற்குப் பதிலாக, "அந்த ஆய்வறிக்கையை எழுதியவரை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்தால் முதலில் எதைக் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று தனி அமர்வில் கேட்பது வேறு. உணர்த்துவது ஒன்றுதான், ஆனால் விடையைத் தரப்பினரே தம் வாயால் சொல்கிறார்கள். சமரசர் தன் மதிப்பீட்டை வெளிப்படையாகச் சொல்லலாமா என்பது இந்தத் துறையில் 1990களிலிருந்தே நடந்துவரும் விவாதம். சிலர் கூடவே கூடாது என்பார்கள். வணிக வழக்குகளில் அதையே எதிர்பார்த்து வருபவர்களும் உண்டு. வழக்கறிஞராக இருந்து வந்தவர்கள் தொடக்க ஆண்டுகளிலாவது சொல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அவர்களுக்கு அது கைவந்த கலை. கைவந்ததை எடுத்துக்கொண்டே இருந்தால் வராதது ஒருபோதும் வராது.

படிப்படியாக

பல நாடுகளில் அடிப்படைப் பயிற்சி என்பது 40 மணி நேரம் அல்லது அதை ஒட்டிய கால அளவு. கோட்பாடு சிறிது, நடிப்புப் பயிற்சி பெரிது. அதன்பின் அனுபவமுள்ள சமரசர்களின் அமர்வுகளில் பார்வையாளராக இருப்பது, பிறகு அவர்களோடு இணைச் சமரசராக அமர்வது, பிறகு நீதிமன்றம் சார்ந்த மையங்களின் பட்டியலிலோ தனியார் நிறுவனங்களின் பட்டியலிலோ பெயர் சேர்ப்பது என்று வரிசை போகும். 2007இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சமரச நிறுவனம், எல்லை தாண்டி ஏற்கப்படும் தகுதி அளவுகோல்களை வகுத்திருக்கிறது. இவை எல்லாம் தெளிவான படிகள், விசாரித்தால் தெரிந்துவிடும்.

தெளிவில்லாமல் இருப்பது இடைக்காலம். ஏறக்குறைய எல்லோரும் சில ஆண்டுகள் இரட்டைக் குதிரைச் சவாரி செய்கிறார்கள்: காலையில் வழக்கறிஞர், மாலையில் சமரசர். இதில் கவனிக்க வேண்டிய முதன்மையான விதி நலமுரண். ஒரு தரப்புக்கு முன்பு எப்போதாவது ஆஜராகியிருந்தால், அதை முதலிலேயே இரு தரப்புக்கும் வெளிப்படுத்த வேண்டும். சமரசராக இருந்த சச்சரவில் பின்னால் எந்தத் தரப்புக்காகவும் வழக்கறிஞராக ஆஜராகக் கூடாது. பெரிய வழக்கறிஞர் நிறுவனத்தில் இருப்பவருக்கு இது இன்னும் இடைஞ்சல், ஏனென்றால் கூட்டாளிகளின் கட்சிக்காரர்கள் எல்லோரும் அவருடைய முரண்பட்டியலில் ஏறிவிடுகிறார்கள். முழுநேரச் சமரசராக விரும்புபவர்கள் ஒரு கட்டத்தில் நிறுவனத்தை விட்டு வெளியேறித் தனி அலுவலகம் வைப்பதற்கு இலட்சியத்தைவிட இந்த நடைமுறைக் காரணமே பெரும்பாலும் முதன்மையானது.

பணம் எப்படி வருகிறது என்பதை யாரும் வகுப்பில் விரிவாகச் சொல்வதில்லை. தனியார் சமரசத்தில் வழக்கமாக நாள் கணக்கிலோ மணிக் கணக்கிலோ கட்டணம் பேசப்பட்டு, இரு தரப்பும் பாதிப் பாதியாகக் கொடுக்கும். நீதிமன்றம் அனுப்பும் வழக்குகளில் பெரும்பாலும் சிறிய மதிப்பூதியம்தான். சில இடங்களில் அதுவும் இல்லை. சமரசம் வெற்றி பெற்றால் இவ்வளவு என்று கட்டணம் பேசக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி. ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் தனக்குப் பணம் என்றால், தரப்பினரைத் தள்ளிவிடும் ஆசை சமரசருக்கு வந்துவிடும் அல்லவா? ஆகவே வழக்கை நடத்தும்போது வந்துகொண்டிருந்த மாத வருமானம் சில ஆண்டுகளுக்குக் கணிசமாகக் குறையும் என்று எண்ணியே இறங்க வேண்டும்.

வழக்குகள் வரும் வழியும் தலைகீழானது. வழக்கறிஞரைக் கட்சிக்காரர் தேர்ந்தெடுக்கிறார். சமரசரை இரு தரப்பும் ஏற்க வேண்டும். பெயரை முன்மொழிபவர்கள் பெரும்பாலும் இரு தரப்பு வழக்கறிஞர்கள். அதாவது, இத்தனை ஆண்டுகள் உங்களை எதிர்த்து வாதாடியவர்கள்தான் இனி உங்களுக்கு வேலை தருபவர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஆவணங்களைக் காலத்தில் கொடுத்தவர், அவர் உடல்நலமில்லாமல் கேட்ட வாய்தாவை எதிர்க்காமல் விட்டவர், கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவர் என்று ஒருவருக்குப் பெயர் இருந்தால், சமரசர் தொழிலுக்கான முதலீட்டை அவர் தெரியாமலேயே போட்டுவைத்திருக்கிறார். ஒவ்வொரு சிறு சலுகைக்கும் சண்டை போட்டு வென்றவருக்கு அந்தக் கணக்கில் இருப்பு இருக்காது.

விளம்பரமும் எளிதன்று. அறைக்குள் நடந்தது இரகசியம். மிகச் சிறப்பாக முடித்த வழக்கைப் பற்றி வாய் திறக்க முடியாது. பல நாடுகளின் சட்டப்படி சமரசரைப் பின்னர் சாட்சியாக அழைக்கவும் முடியாது. நீதிமன்றத்தில் வென்றவரின் பெயர் தீர்ப்புத் தொகுப்பில் அச்சாகும். சமரசருக்கு அப்படி எதுவும் மிஞ்சாது. உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்கள் வெளியே வந்து, "நாங்களே பேசி முடித்துக்கொண்டோம்" என்று சொன்னால், அவர் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள்.

தொழில் வளர்ந்த விதம்

இன்று நாம் காணும் வடிவில் இந்தத் தொழில் மிகப் பழையதன்று. 1976இல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் நீதித்துறையின் குறைகளைப் பற்றி நடந்த மாநாட்டில், ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஃபிராங்க் சாண்டர், நீதிமன்றத்துக்குப் பல வாசல்கள் இருக்க வேண்டும், ஒவ்வொரு சச்சரவும் தனக்கேற்ற வாசல் வழியே அனுப்பப்பட வேண்டும் என்று வாதிட்டார். அந்த வாசல்களில் ஒன்றுதான் சமரசம். அதன்பின் நாடுகள் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றின. இலங்கை 1988இலும் சிங்கப்பூர் 2017இலும் இந்தியா 2023இலும் இதற்கெனத் தனிச் சட்டங்களைக் கொண்டுவந்தன. இங்கிலாந்தில் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தகுந்த வழக்குகளில் தரப்பினரை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு தேடும்படி உத்தரவிட நீதிபதிகளுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

வணிகச் சமரசர்களுக்கு இவற்றைவிட முக்கியமானது சிங்கப்பூர் உடன்படிக்கை. நடுவர் தீர்ப்புகளைப் பிற நாடுகளில் நிறைவேற்ற 1958இன் நியூயார்க் உடன்படிக்கை இருந்தது. ஆனால் சமரச உடன்பாட்டை ஒருவர் மீறினால், எல்லை கடந்து அதை நிறைவேற்ற அப்படி ஒரு பொதுவழி இல்லாமல் இருந்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018 டிசம்பரில் ஏற்ற இந்த உடன்படிக்கையில், 2019 ஆகஸ்ட் 7 அன்று 46 நாடுகள் முதல் நாளிலேயே கையெழுத்திட்டன; 2020 செப்டம்பர் 12 அன்று அது நடைமுறைக்கு வந்தது. கையெழுத்திட்ட எல்லா நாடுகளும் இன்னும் தம் சட்டத்தில் அதை ஏற்று உறுதிப்படுத்திவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தப் பாதையில் மிக உயரம் போனவர்களைப் பற்றியும் ஒரு சொல். கென்னத் ஃபைன்பெர்க் என்னும் அமெரிக்க வழக்கறிஞர், வியட்நாம் போரில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு இரசாயனத்தால் பாதிக்கப்பட்ட வீரர்களின் வழக்கில் நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்டு, 1984இல் அது 18 கோடி டாலர் உடன்பாட்டில் முடிவதில் பங்காற்றினார். வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் அமெரிக்க மேலவை உறுப்பினராகவும் இருந்த ஜார்ஜ் மிட்செல், வட அயர்லாந்துப் பேச்சுவார்த்தைக்குத் தலைமை ஏற்று, 1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி உடன்பாடு கையெழுத்தாகும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஒரே மேசையில் அமர மறுத்தவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நீதிபதி இரண்டு ஆண்டுகள் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது எளிதான செய்தியன்று.

யாருக்கு ஒத்துவராது

எல்லாச் சச்சரவும் சமரசத்துக்கு உரியது என்று சொல்லும் சமரசரை நம்பக் கூடாது. வன்முறைக்கு ஆளாகி அஞ்சி வாழும் ஒருவரை, அடித்தவருக்கு எதிரே அமர்த்திப் பேரம் பேச வைப்பது கொடுமை. ஒரு சட்டக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை தேவைப்படும் இடத்தில், இருவர் இரகசியமாகச் செய்துகொள்ளும் உடன்பாடு பயன்படாது. அங்கே தீர்ப்புதான் வேண்டும். இந்த எல்லைகளைக் காண்பதில் வழக்கறிஞராக இருந்தவருக்கு மற்றவர்களைவிடக் கூர்மை இருக்கும்.

ஆளைப் பொறுத்தும் எல்லை உண்டு. வாதத்தின் சூட்டிலேயே உயிர்ப்போடு இருப்பவர்கள் இங்கே சலித்துப்போவார்கள். வாதாடிக் களைத்துவிட்டோம், அமைதியான வேலை வேண்டும் என்று வருபவர்களுக்கும் ஏமாற்றமே காத்திருக்கிறது. நீதிமன்றத்தில் கோபம் நீதிபதியை நோக்கி மரியாதையாக வடிகட்டப்பட்டு வரும்; இந்தச் சிறிய அறையில் அது வடிகட்டாமல் வரும், அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் சமரசர்தான். இரவு ஒன்பது மணிக்கு, எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், ஒருவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போவார். அப்போது அவரைத் திட்டாமலும் கெஞ்சாமலும், தாழ்வாரம் வரை கூடவே நடந்துபோகத் தெரிய வேண்டும்.

இந்த மாற்றத்தை யோசித்துக்கொண்டிருக்கும் வழக்கறிஞர், பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன், தன் அலுவலகத்திலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். அடுத்து வரும் புதிய கட்சிக்காரரிடம், அவர் தாமாகப் பேசி நிறுத்தும்வரை எதுவும் கேட்காமல் இருக்க வேண்டும். தேதியைக்கூடக் கேட்கக் கூடாது. முதல்முறை பெரும்பாலானோரால் முடியாது. முடிந்தால், ஆவணங்களை எடுத்துக்கொண்டு எழுந்த கட்சிக்காரர் கதவருகே நின்று கடைசியாக ஒன்றைச் சொல்வார்: "அவன் என் அம்மா இறந்தபோதுகூட வரவில்லை சார்." வழக்குக் கோப்பில் அதற்கு இடம் இல்லை. ஒரு தனித் தாளில் அதை எழுதி வைத்துக்கொண்டு, வழக்கு முடியும் நாளில் எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.